அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்

நீங்கள் பொய் சொன்னீர்கள், அண்ணை. மல்வேர்ன் மண்டபத்தில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, சனம் நிறைந்திருக்க, செத்துப்போன ஒரு மனிதரைப் பற்றிப் பொய் சொன்னீர்கள். அவருடைய மகள் முன்வரிசையில் இருந்தார். அவருக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவில் சொன்னீர்கள்.

உங்கள் பெயரை எழுதமாட்டேன். ஊர்ச்சங்கத் தலைவர் என்றால் ரொறன்ரோவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும், அது போதும். மற்றவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை எனக்கு. குளிக்க வார்ப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது, வீங்கின காலுக்கு இறுக்கமான காலுறை மாட்டுவது. மல்வேர்னில் பஸ் ஏறி, மாறி, யூனியன்வில்லுக்குப் போவேன். அங்கே ஒரு ஜேர்மன்காரி தனி வீட்டில் இருந்தார். எண்பத்தைந்து தாண்டிய மனிசி. ஒரே மகன் விட்பியில். ஞாயிற்றுக்கிழமை வருவான், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பான், பாலின் திகதியைப் பார்ப்பான், போய்விடுவான்.

முதல் கிழமையே என்னைத் துரத்தப் பார்த்தார். தேத்தண்ணி சரியில்லை, துவாய் மடிக்கத் தெரியாது, கதவை அடித்துச் சாத்துகிறேன் என்று முறைப்பாடு. நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். அதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"நான் உனக்கு அன்ரி இல்லை."

"எங்கட ஆக்கள் வயசான எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவினம். விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ, ஒண்டும் கூப்பிடாமல் விடுறன்."

கோப்பையைத் தள்ளி வைத்தார். "சரி, கூப்பிடு. ஆனால் தேத்தண்ணியை மாத்து."

அப்படித்தான் தொடங்கியது. நவம்பரில் ஒருநாள் கோட்டில் பொப்பிப் பூவைக் குத்திக்கொண்டு போனேன். போரில் இறந்த கனடியப் படையினருக்காக எல்லோரும் குத்துகிறார்கள், நானும் குத்தினேன். அவருக்கும் ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "நான் எந்தப் பக்கத்துக்காகக் குத்திறது?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கமெண்டால்?"

"என்ர அப்பா ஜேர்மன் ஆமி ஒபிசர். கனடாக்காரர் அவரைக் கொல்லேல்லை. ரஷ்யாக்காரர் கொல்லேல்லை. அவரைத் தூக்கிலை போட்டது அவற்ர சொந்த ஆக்கள்."

அதற்குப் பிறகு காலுறை மாட்டுகிற நேரமெல்லாம் கதைதான். கால் என் மடியில் இருக்கும், அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்லுவார். அப்பா தொடக்கத்தில் அந்தச் சர்வாதிகாரியை நம்பினவர். கையை நீட்டி வணக்கம் சொன்னவர், பதக்கம் வாங்கினவர். கிழக்கே சண்டைக்குப் போன இடத்தில், பொம்பிளைகளையும் பிள்ளைகளையும் கிடங்கு விளிம்பில் நிற்பாட்டிச் சுடுவதைக் கண்டார். சுட்டது அவருடைய நாட்டுப் படை. லீவில் வீட்டுக்கு வந்தவர் மேசையில் இருந்தார், சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த ஆளைக் கொல்ல வேண்டுமென்று இரகசியமாகத் திட்டம் போட்ட ஒபிசர்மாரோடு சேர்ந்தார்.

"அவரைச் சாமியாக்கிப்போடாதை," என்று என்னை அதட்டுவார். "அவர் பிந்தித்தான் வந்தவர். கனபேர் செத்த பிறகு வந்தவர். ஆனால் வந்தவர்."

ஆமிக்காரர் மட்டும் எதிர்க்கவில்லை என்பதையும் அவரிடம்தான் அறிந்தேன். ஒரு பாதிரியார், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சலவைக்கடை வைத்திருந்த ஒரு பெண், அன்ரியின் அம்மா. இவர்கள் அந்த ஆளுக்கு எதிரான துண்டுப்பிரசுரம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அம்மா அதைக் கைக்குழந்தையின் தள்ளுவண்டிலில், மெத்தைக்குக் கீழே வைத்துக் கொண்டுபோவாராம். அன்ரி பக்கத்தில் நடந்து போவார்.

"எனக்கு ஒரு வேலை தந்தவை. ஆமிக்காரன் மறிச்சால் தம்பியைக் கிள்ள வேணும். அவன் கத்துவான். கத்துற பிள்ளையின்ர வண்டிலை ஒருத்தனும் கிண்டமாட்டான்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். "பாவம், அவன்ர கை முழுக்க நீலம். அந்தப் போரிலை முதல் காயப்பட்டது என்ர தம்பிதான்."

திட்டம் பிழைத்தது. அந்த ஆள் தப்பினான். அப்பாவைத் தூக்கில் போட்டார்கள், சாம்பல்கூடத் தரவில்லை. அம்மாவைச் சிறையில் போட்டார்கள். பிள்ளைகளைக் கொண்டுபோய் ஒரு விடுதியில் விட்டு, குடும்பப் பெயரை மாற்றினார்கள். புதுப் பெயரால் கூப்பிட்டால் அன்ரி திரும்பமாட்டாராம். அதற்கும் அடி.

ஆனால் அவர் கோபமாகச் சொல்லுகிற கதை அதுவல்ல. போர் முடிந்த பிறகு நடந்ததுதான். சர்வாதிகாரி செத்துவிட்டான், நாடு இடிந்து கிடக்கிறது, அவன் செய்ததெல்லாம் வெளியில் வந்துவிட்டது. அப்போதும் அவர்களுடைய ஊரில் பாண் விற்கிற பேக்கரிக்காரி அம்மாவைக் கடைசி ஆளாகத்தான் கவனிப்பாளாம். பிந்தி வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போக, அம்மா கூடையோடு நிற்பார். ஏனென்றால் அவர் துரோகியின் மனைவி. போர் நேரத்தில் சொந்தத் தலைவனுக்கு எதிராகக் கை தூக்கினவனின் மனைவி. வாசலில் துப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். தலைவன் பிழை என்று பிறகு ஒத்துக்கொண்டவர்கள்கூட, எதிர்த்தவன் சரி என்று சொல்ல வாய் திறக்கவில்லை.

அவர் கனடாவுக்கு வந்ததே அதனால்தான். வந்த புதிதில் இங்கே ஜேர்மன்காரரின் கிறிஸ்மஸ் விருந்து ஒன்றில் யாரோ அப்பாவைப் பற்றிக் கேட்க, உண்மையைச் சொல்லியிருக்கிறார். மேசையில் கதை நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் சொன்னதில்லை. செத்துப்போன புருசனுக்குத் தெரியும், மகனுக்கு அரைகுறையாகத் தெரியும், எனக்குத் தெரியும்.

அந்தக் கடைசிக் கதையை எனக்கு ஏன் சொன்னார் என்றால், அதற்கு முதல் நான் அவருக்கு என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியிருந்தேன்.

சித்தப்பா எங்கள் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். பெரிய அரசியல் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இயக்கத்தின் ஆயுதப் பயிற்சிக்குக் கொண்டுபோக வந்தவர்களிடம், "சோதினை முடியட்டும், உந்தப் பிள்ளையளை விடுங்கோ தம்பியவை" என்று கடை வாசலில் நின்று சொன்னார். பிறகு இரண்டு பெடியள் பயிற்சியிலிருந்து ஓடிவந்து அவருடைய வீட்டில் ஒளித்தார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். றோட்டுக்கரையில் கிடந்தார், நெஞ்சில் ஒரு காட்போட் மட்டை. துரோகி என்று எழுதியிருந்தது. செத்தவீட்டுக்குப் பங்குச் சாமியாரும் நாங்களும்தான். அவரிடம் கடனுக்கு அரிசி வாங்கின வீடுகள் எல்லாம் யன்னலைச் சாத்தின.

அன்ரி காலை என் மடியிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த மட்டையிலை இருந்த சொல்லைச் சொல்லு."

"துரோகி."

"ட்ரோகி."

"துரோகி."

"துரோகி," என்றார். ரோவை நன்றாக உருட்டினார். "எங்கட சொல்லு காறித் துப்புற மாதிரிக் கேக்கும். உங்கட சொல்லு ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர பேர் மாதிரி இருக்கு."

அந்தச் சொல்லைக் கேட்டால் எழும்பிப் போய்விடுகிறவள் நான். அவர் அதை வைத்து விளையாடத் தொடங்கினார். பாண் கருகினால் ரோஸ்டர் துரோகி. பஸ் பிந்தினால் நான் துரோகி. சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்தால், "துரோகி! அதுவும் என்ர வீட்டுக்குள்ளையே!" ஒருநாள் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சித்தப்பா செத்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. எந்தச் சாமியாரும் எனக்கு அப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன், அண்ணை.

தமிழ்க் கடை வாசலில் என்னைக் கண்டு மறித்தீர்கள். எங்கள் போரில் இறந்தவர்களுக்கான மே மாத நினைவுக் கூட்டத்துக்கு இம்முறை வேற்றினத்தவர் ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்றீர்கள். "உம்மட்டை ஒரு வெள்ளைக்காரி இருக்கிறாவாமே. அவவைக் கேட்டுப்பாரும்."

நான் அவருடைய அப்பாவின் கதையைச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். "சர்வாதிகாரத்துக்கு எதிரா நிண்டவை! அருமை, அருமை. எங்களுக்கு நல்லாப் பொருந்தும்," என்றீர்கள்.

அன்ரி முதலில் மாட்டேன் என்றார். நான்தான் விடவில்லை. "உங்கட சனத்துக்கு விளங்குமோ?" என்று கேட்டார். "எங்கட சனத்துக்கு விளங்காட்டி ஆருக்கு விளங்கும்? நாங்களும் செத்த ஆக்களைச் சுமந்துகொண்டு திரியிற ஆக்கள்தானே," என்றேன். அப்படி நம்பித்தான் சொன்னேன்.

அவரைப் பற்றிய அறிமுகத்தைத் தமிழில் நான் எழுதினேன். ஒரு பக்கம்கூட வராது. அவரைத் துரோகி என்றார்கள். அவருடைய மனைவியைத் துரோகியின் மனைவி என்றார்கள். அவர் பிந்தி வந்தவர், ஆனால் வந்தவர். அவர் துரோகி இல்லை. இவ்வளவுதான். நானே வாசிக்கிறேன் என்றேன். நீங்கள் விடவில்லை.

"உம்மட குரல் மைக்கிலை கிழியும், தங்கச்சி. தாரும், நான் தமிழைக் கொஞ்சம் திருத்தி வாசிக்கிறன்."

கூட்டத்தன்று அன்ரி கடும் நீலச் சட்டை போட்டு, என்னைக் கொண்டு தலையை இரண்டு தரம் வாரி இழுப்பித்தார். விட்பியிலிருந்து மகன் போன் எடுத்து, "உந்தப் பழைய கதையை விடுங்கோ அம்மா, உங்களுக்கு அவை ஆர்?" என்றான். "நீ உன்ர புல்லை வெட்டு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ரக்சியில் என்னிடம் கேட்டார். "அந்தச் சொல்லு எங்கை வரும்?"

"தொடக்கத்திலை ஒருக்கா. அம்மாவைச் சொல்லேக்கை ஒருக்கா. கடைசியா ஒருக்கா."

"அப்ப எனக்கு விளங்கும்," என்றார். சோதனைக்குப் போகிற பிள்ளை மாதிரிச் சந்தோசம். ஒரு மண்டபத்தில், ஆட்களுக்கு முன்னால், அவருடைய அப்பா யாரென்று ஒருவர் எழுந்து நின்று சொல்லப்போகிறார். வாழ்நாளில் முதல் தடவை. அவருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

விளக்கேற்றினார்கள். எழுந்து நின்று மௌனமாக இருந்தோம். ஊரில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். வழக்கம்போல சித்தப்பாவின் பெயர் இல்லை. பிறகு நீங்கள் மைக்குக்கு வந்தீர்கள்.

"இன்று எம் மத்தியில் வீற்றிருக்கும் இந்த அம்மையாரின் தந்தையார், இரண்டாம் உலகப் போரிலே, தன் தலைவனுக்கும் தாய்நாட்டுக்கும் விசுவாசமாக நின்று, இன்னுயிரை ஈந்த மாபெரும் வீரர்."

கைதட்டினார்கள். இன்னும் என்னவோ சொன்னீர்கள், தியாகம், மண், குருதி என்று. எல்லாக் கூட்டத்திலும் எல்லோருக்கும் சொல்லுகிறதுதான். போரில் செத்த ஒருவனைப் பற்றிப் பேச எங்கள் வாயில் அந்த ஒரு வசனம்தான் இருக்கிறது. யார் செத்தாலும் அதற்குள் தூக்கிப் போடுவோம். அந்த ஆளைக் கொல்லப் போய்ச் செத்தவரை, அந்த ஆளுக்காகச் செத்தவராக்கிவிட்டீர்கள்.

அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். காதுக்கருவியைத் திருப்பினார். "வந்திட்டுதோ?" என்று கேட்டார். "எனக்குக் கேக்கேல்லை. அந்தச் சொல்லு வந்திட்டுதோ?"

நான் எழும்பினேன். "அண்ணை, உது பிழை. அவர் தலைவனுக்காகச் சாகேல்லை, தலைவனை எதிர்த்துச் செத்தவர்." பின்னால் ஒரு குரல், "ஆரப்பா உவ, நடுவிலை எழும்பிக்கொண்டு?" என்றது. நீங்கள் மைக்கைக் கையால் பொத்தினீர்கள். "தங்கச்சி, இருங்கோ. பிறகு கதைப்பம்." அதற்குள் இரண்டு பெண்கள் வந்து அன்ரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"அவர் என்ன சொன்னவர்?" என்று அன்ரி கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். உங்களைப் போல மரியாதையாக ஒரு பொய். நான் சொல்லவில்லை. உங்கள் அப்பா அந்த ஆளுக்கு விசுவாசமாக நின்று செத்தார் என்று சொன்னார், என்றேன்.

அவர் பொன்னாடையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். தடியை ஊன்றி மைக்குக்குப் போனார். ஆங்கிலத்தில் பேச ஆயத்தம் பண்ணியிருந்தோம், அதில் ஒரு வரியும் பேசவில்லை. "மை ஃபாதர்," என்றார். மூச்சு எடுத்தார். பிறகு, "துரோகி."

நல்ல தெளிவான உச்சரிப்பு. தான் காத்திருந்த சொல்லை நீங்கள் சொல்லவில்லை, ஆகவே தானே சொன்னார். அவருடைய வீட்டுச் சமையலறையில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தம் எனக்கும் அவருக்கும்தான் தெரியும். ஒரு பெண் வாயைப் பொத்தினாள். சித்தப்பாவின் மட்டையை வாசித்த ஊர்க்காரர் அங்கே இருந்தார்கள், எனக்கு முகம் தெரியும். அவர்கள் குனிந்தார்கள்.

நீங்கள் மெதுவாக அவரிடமிருந்து மைக்கை வாங்கினீர்கள். "அம்மாவுக்கு ஆரோ பகிடிக்குத் தமிழ் சொல்லிக் குடுத்திருக்கினம் போலை," என்றீர்கள்.

மண்டபம் சிரித்தது. பயம் விட்டுப்போன சிரிப்பு. எல்லோருக்கும் நிம்மதி. அன்ரி திரும்பி அந்த முகங்களைப் பார்த்தார்.

யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி அவருக்குக் காகிதத் தட்டில் ரோல்ஸும் பற்றிஸும் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கினார். ரக்சி வரும்வரை அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். வீட்டு வாசலில்தான் வாய் திறந்தார்.

"எங்கட ஊரிலை துப்பினவை. சிரிக்கேல்லை."

அடுத்த நாள் உங்களுக்குப் போன் எடுத்தேன். நினைவிருக்கும்.

"நான் வீரர் எண்டுதானே சொன்னனான்? மரியாதைதானே குடுத்தனான்? வெள்ளைக்காரிக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பியிருக்கிறம், இதுக்குமேலை என்ன வேணும்?"

"நான் எழுதினதை ஏன் வாசிக்கேல்லை?"

"தங்கச்சி, அந்தச் சொல்லை அந்த மண்டபத்திலை சொல்லேலாது. போர் நேரத்திலை தலைவனை எதிர்த்தவன் துரோகி இல்லையெண்டு நான் மேடையிலை சொன்னால், சனம் ஆரை ஆரை நினைக்கும் எண்டு உமக்குத் தெரியாதே?"

"நான் என்ர சித்தப்பாவை நினைப்பன்."

"அதைத்தான் சொல்லுறன்."

பிறகு, "எனக்கும் பிள்ளையள் இருக்குதுகள், தங்கச்சி," என்றீர்கள். அந்த ஒரு வசனம் மட்டும் உண்மை என்று நினைக்கிறேன். அதைக்கூட என்னிடம் போனில்தான் சொன்னீர்கள்.

அன்ரி அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றிக் கதைக்கவில்லை. காலுறை மாட்டும்போது காலநிலையைப் பற்றிக் கதைத்தார். ரோஸ்டரைத் திட்டவில்லை. சீனி இல்லாத தேத்தண்ணியைப் பேசாமல் குடித்தார். நான் வேண்டுமென்றே ஒருநாள் பாணைக் கருகவிட்டேன், ஏதாவது சொல்லுவார் என்று. சுரண்டிப்போட்டுச் சாப்பிட்டார். என்னில் கோபம் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. தெரிந்த ஒரு சொல்லையும் எங்கள் மண்டபத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

இலையுதிர்காலத்தில் குளியலறையில் விழுந்தார். இடுப்பு உடைந்தது. மகன் விட்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வீட்டை விற்றான். லீவு நாட்களில் ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போய்ப் பார்க்கிறேன். ஆங்கிலம் கழன்றுகொண்டு போகிறது. என்னோடு ஜேர்மனில் கதைக்கிறார், நான் தமிழில் பதில் சொல்லுகிறேன். சில நாள் என்னை யாரென்று தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. போன தடவை யன்னலைப் பார்த்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். காலுறையை இழுத்து நேராக்கினேன். அந்தக் கூட்டத்துக்கு வரச்சொல்லி நான் கெஞ்சாமல் இருந்திருந்தால் என்று எத்தனையோ பஸ்ஸில் இருந்து யோசித்திருக்கிறேன். கேவலம், நான் எங்கள் சனத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒன்றுதான். சங்கத்தின் முகநூல் பக்கத்தில் அந்தக் கூட்டத்தின் வீடியோ இன்னும் கிடக்கிறது. உங்கள் பேச்சு முழுதாக இருக்கிறது. விசுவாசம், தலைவன், இன்னுயிர், எல்லாம் இருக்கிறது. பொன்னாடை போர்த்துகிறார்கள், கைதட்டுகிறார்கள். பிறகு வெட்டு. அன்ரி மைக்குக்குப் போனதே இல்லை. அவருடைய மகன் தேடினாலும், பேரப்பிள்ளைகள் தேடினாலும், உலகத்திலேயே அந்த மனிதரைப் பற்றி மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொல்லப்பட்ட ஒரே பேச்சு அதுதான். அதில் அவர் அந்தக் கொலைகாரனின் நல்ல சிப்பாய்.

மே மாதம் திரும்ப வருகிறது. விளக்கேற்றுவீர்கள், மைக்கைப் பிடிப்பீர்கள். அன்ரி இன்னும் உயிரோடு இருக்கிறார். எனக்குத் தனியாகப் போன் எடுக்க வேண்டாம். வீட்டுக்கு வர வேண்டாம். கடை வாசலில் கையைப் பிடிக்க வேண்டாம். அந்த மேடையில் நின்று, அந்தச் சனத்துக்கு முன்னால், அவருடைய அப்பா யாரை எதிர்த்து ஏன் செத்தார் என்று சொல்லுங்கள். நான் எழுதினதை ஏன் வெட்டினீர்கள் என்று சொல்லுங்கள். தலைவனை எதிர்த்தவனெல்லாம் துரோகிதானா, அண்ணை? ஓம் என்றால் ஓம் என்று சொல்லுங்கள், இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். மைக்கைப் பொத்தாமல் சொல்லுங்கள்.